குழாய் நீரில் சிறிதளவு புளோரைடு

நம் வீட்டுக் குழாய் நீருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1945 ஜனவரியில் அமெரிக்காவின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரம், உலகிலேயே முதன்முதலாகக் குடிநீரில் புளோரைடு கலந்தது. அதன்பின் அங்கு பிறந்த பிள்ளைகளிடம் பற்சொத்தை 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. 1957இல் ஜோகூர் பாருவில் இதே முறை தொடங்கியது. 1972இல் அரசாங்கம் அதை நாடு முழுமைக்குமான கொள்கையாக்கியது.

பல் மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய குடும்பத்துக்கு இது பெரிய உதவி. பங்களாவிலும் அடுக்குமாடியிலும் ஒரே நீர்தானே! சுத்திகரித்த குழாய் நீர் எட்டாத தோட்டப்புறங்களுக்குத்தான் அந்தப் பலனும் எட்டவில்லை.

ஆனால், பல் உருவாகும் வயதில் புளோரைடு மிஞ்சினால் பல்லில் வெண்திட்டு விழும். புளோரைடு பற்பசை வீடுதோறும் வந்தபின், சிறு பிள்ளைகள் அதையும் சேர்த்து விழுங்கினார்கள். 2005இல் நம் நாட்டில் லிட்டருக்கு 0.7 மில்லிகிராமாக இருந்த அளவு 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. பின்னர், புளோரைடு கலக்கும் நெகிரி செம்பிலானையும் கலக்காத கிளந்தானையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். நெகிரி செம்பிலானில் அளவு குறைந்தபின் வளர்ந்த பிள்ளைகளிடம் வெண்திட்டு குறைந்திருந்தது. சொத்தையைத் தடுக்கும் பலனோ நீடித்தது.

2024இல் வந்த அமெரிக்க அரசு அறிக்கை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புளோரைடைப் பிள்ளைகளின் அறிவுத்திறன் குறைவோடு தொடர்புபடுத்தியது. அது நம் அளவைப்போல் மூன்று மடங்கு. அதைக் காட்டி இங்கே நிறுத்தச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பழையபடி அளவைக் கூட்டச் சொன்னால், அதிலும்தான்.