தங்கக் கரடியும் பெர்லின் நகரத்தாரும்

உலகத் திரைப்பட விழாக்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் விருதுப் பட்டியல்களாகவே நின்றுவிடுகின்றன. எந்தப் படம் பரிசு பெற்றது, எந்த இயக்குநர் மேடையேறினார் என்பதோடு நமது ஆர்வம் தீர்ந்துவிடுகிறது. அரங்கில் அமர்ந்திருந்தவர் யார், அவருக்கு அங்கே என்ன உரிமை இருந்தது என்று நாம் கேட்பதில்லை. இக்கேள்விக்கு மிகவும் பொருத்தமான விழா பெர்லினில் நடப்பது. கான் விழா முதன்மையாகத் திரைத்துறையினருக்கானது. பெர்லினிலோ சீட்டு வாங்கிய எவரும் உள்ளே போய் அமரலாம். 2025ஆம் ஆண்டு விழாவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்றன.

இந்தத் திறந்த கதவு கலை ஆர்வத்தால் மட்டும் திறக்கப்பட்டதன்று. போரில் சிதைந்து, நான்கு வல்லரசுகளுக்கிடையே பங்கிடப்பட்ட நகரத்தில் இப்படியொரு விழா வேண்டும் என்று 1950இல் முனைந்தவர் ஆஸ்கார் மார்ட்டே என்னும் அமெரிக்க இராணுவ நிர்வாகத்தின் திரைப்பட அதிகாரி. கிழக்கே இருப்பவர்கள் பார்த்து ஏங்கும்படி மேற்குலகின் சரக்கை அடுக்கிவைக்கும் கடைமுகப்பாகவே அது கருதப்பட்டது. 1951 ஜூன் 6 அன்று டிட்டானியா பாலஸ்ட் அரங்கில் ஹிட்ச்காக்கின் 'ரெபெக்கா'வுடன் விழா தொடங்கியது. அப்படத்தின் நாயகி ஜோன் ஃபான்டெயினும் வந்திருந்தார். விழாவின் முதல் இயக்குநராகி 1976 வரை அப்பொறுப்பில் இருந்த ஆல்ஃபிரட் பாவர், கோயபல்சின் ஆளுகைக்குட்பட்ட நாஜித் திரைத்துறை நிர்வாகத்தில் முக்கிய இடம் வகித்தவர் என்பதை ஜெர்மானிய வார இதழான 'டீ ட்சைட்' 2020இல் வெளிக்கொணர்ந்தது. அவர் பெயரால் வழங்கப்பட்டுவந்த பரிசு அவ்வாண்டே நிறுத்தப்பட்டது. சுதந்திரத்தின் கடைமுகப்பைக் கால் நூற்றாண்டு காத்தவர் அவர்!

முதல் ஆண்டில் பரிசுகளைத் தீர்மானித்தது ஜெர்மானியர்கள் மட்டுமே அடங்கிய நடுவர் குழு. நமக்கு மிகவும் சுவையான பகுதி அதற்குப் பின்னர்தான் வருகிறது. திரைப்படத் தயாரிப்பாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு பெர்லினுக்கு முதல்தர விழா என்ற தகுதியை வழங்காதவரை நடுவர் குழு அமைத்துப் பரிசளிக்க இயலாது என்ற நிலை எழுந்தது. ஆகவே 1952 முதல் 1955 வரை, படம் பார்க்க வந்த நகரத்தாரே வாக்களித்துத் தங்கக் கரடி விருதுக்குரிய படத்தைத் தேர்ந்தெடுத்தனர். மக்களாட்சிப் பற்றினால் வந்த ஏற்பாடன்று, வேறு வழியின்மையால் வந்தது. ஆயினும் அந்த நான்காண்டுத் தேர்வுகளைப் பாருங்கள். ஆர்னே மாட்சனின் ஸ்வீடன் படம், அடுத்து க்ளூசோவின் 'அச்சத்தின் கூலி', பின்னர் டேவிட் லீனின் 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்', இறுதியாக ராபர்ட் சியோட்மாக்கின் 'எலிகள்'. இவற்றுள் க்ளூசோவின் படத்துக்கு அதே 1953இல் கான் விழாவின் நடுவர்களும் தலைமைப் பரிசை அளித்தனர். இரண்டரை மணி நேரம் நீளும், நாயகனைக் காப்பாற்றாத ஒரு படம் அது. பொதுமக்களிடம் விட்டால் கேளிக்கையைத்தான் பொறுக்குவார்கள் என்று நம் கல்லூரி வட்டாரங்களில் அடிக்கடி சொல்லப்படுவதுண்டு. அவர்களிடம் நாம் நீட்ட வேண்டிய பட்டியல் இது. அவையறிதலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய மொழியில் இருந்துகொண்டு அவையை இவ்வளவு எளிதாக மதிப்பிட்டுவிடுகிறோம்.

1956இல் முதல்தரத் தகுதி கிடைத்தது. மார்செல் கார்னே தலைமையில் பன்னாட்டு நடுவர் குழு அமர்ந்தது. கௌரவம் வந்தது, தங்கக் கரடியைத் தீர்மானிக்கும் வாக்குரிமை போனது.

அதைவிடப் பெரிய இழப்பு காத்திருந்தது. மேற்கு பெர்லினின் எல்லையோரத்தில், கிழக்குப் பகுதியிலிருந்து நடந்தே வந்து படம் பார்ப்பவர்களை நம்பி இயங்கிய திரையரங்குகள் பல இருந்தன. கிழக்கு ஜெர்மானிய மார்க்கையே கட்டணமாகக் கொடுக்கலாம். விழாப் படங்களும் அவர்களை எட்டின. 1961ஆம் ஆண்டு விழா ஜூலைத் தொடக்கத்தில் முடிந்தது. அந்தோனியோனியின் 'இரவு' தங்கக் கரடி பெற்றது. ஆறு வாரங்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 13 அன்று எல்லை அடைக்கப்பட்டது. யாருக்காகக் கடைமுகப்பு அலங்கரிக்கப்பட்டதோ அவர்கள் மதிலுக்கு அப்பால் ஆனார்கள். எல்லையோர அரங்குகள் ஆளின்றி மூடப்பட்டன.

அறுபதுகளில் நமக்கு நினைவிருப்பவை ரேயின் வெற்றிகள்தாம். 'மகாநகர்' 1964இலும் 'சாருலதா' 1965இலும் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடியை அவருக்குப் பெற்றுத்தந்தன. ஆனால் நடுவர் குழு என்ற ஏற்பாடே 1970இல் உடைந்தது. வியட்நாமில் அமெரிக்கப் படையினர் ஒரு பெண்ணுக்கு இழைத்த கொடுமையை பவேரியக் காட்டில் நடப்பதாக எடுத்துக்காட்டியது மிகாயேல் வெர்ஹூவனின் 'ஓ.கே.' நடுவர் தலைவராயிருந்த ஹாலிவுட் இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் அதை எதிர்க்க, குழு பிளவுபட்டுப் பதவி விலகியது. அவ்வாண்டு கரடிகள் யாருக்கும் இல்லை. அடுத்த ஆண்டே, உல்ரிச் கிரேகர், எரிகா கிரேகர் முதலிய திரைப்பட ஆர்வலர்களின் முயற்சியால் 'ஃபோரம்' என்ற தனிப் பிரிவு பிறந்தது. அதில் போட்டியில்லை. படம் முடிந்ததும் இயக்குநரோடு பார்வையாளர்கள் விவாதிப்பதே அதன் மையம். அமீரின் 'பருத்திவீரன்' 2008இலும் வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' 2024இலும் பெர்லின்காரர்களின் முன் திரையிடப்பட்டது இந்தப் பிரிவில்தான். பரிசு மேடையைவிட அது பொருத்தமான இடம் என்றே நாம் கருதுகிறோம்.

சோவியத் படம் முதன்முதலாக 1974இலும், கிழக்கு ஜெர்மனியின் படம் 1975இலும் விழாவுக்குள் வந்தன. படங்கள் மதிலைத் தாண்டின, மனிதர்கள் தாண்ட முடியவில்லை. கிழக்கு பெர்லின் மக்கள் மீண்டும் தம் விழாவைப் பார்த்தது மதில் திறந்த மறு ஆண்டில், 1990 பிப்ரவரியில். அப்போது நகரின் இரு பகுதிகளிலும் திரையிடல்கள் நடந்தன. பத்தாண்டு கழித்து, ஒரு காலத்தில் மதிலுக்கிடையே வெற்று நிலமாய்க் கிடந்த போட்ஸ்டாம் சதுக்கத்துக்கே விழா இடம்பெயர்ந்தது.

வாக்குச்சீட்டும் ஒருவகையில் திரும்பிவந்தது. 1999 முதல் 'பனோரமா' பிரிவின் படங்களுக்குப் பார்வையாளர் விருது வழங்கப்படுகிறது. தங்கக் கரடி மட்டும் இன்றும் நடுவர்களின் கையில்தான் இருக்கிறது.