கீபோர்டு இல்லாத கேரல்: ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை

டிசம்பர் வந்துடுச்சு. உங்க ப்ளேலிஸ்ட்ல இந்நேரம் கிறிஸ்துமஸ் பாட்டு ஏறியிருக்கும். 2014-ல பென்டடானிக்ஸ்னு அஞ்சு பேர் கொண்ட ஒரு அமெரிக்கக் குழு ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பம் வெளியிட்டாங்க. ஒரு இசைக்கருவியும் கிடையாது. டிரம்ஸ், பாஸ் எல்லாமே வாய்தான். இதுக்கு 'அ கப்பெல்லா'ன்னு பேரு. நம்ம ஆளுங்களுக்கும் இது புதுசில்ல. 1993-ல 'திருடா திருடா' படத்துக்காக ரஹ்மான் இசையில் சாகுல் ஹமீது பாடின பாட்டை நினைச்சுப் பாருங்க. அதுலயும் குரல்கள் மட்டும்தான்.

"வடசென்னையில இப்படி யாராவது கிறிஸ்துமஸ் ஆல்பம் போட்டிருக்காங்களா?"ன்னு ஒரு ஃப்ரெண்ட் கேட்டான். என் ஃபோன்ல பதினோரு வாய்ஸ் மெமோ இருக்கு. 2023 டிசம்பர்ல பதிவு பண்ணது. அதை ஆல்பம்னு சொல்லலாமா வேணாமான்னு எங்க குழுவுக்குள்ள இன்னும் சண்டை. அந்தச் சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி போகணும்.

'அ கப்பெல்லா' இத்தாலியச் சொல். 'சிற்றாலயத்தின் முறைப்படி'ன்னு அர்த்தம். ரோமில் போப்பாண்டவரின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் கருவிகள் இல்லாமல் பாடுவதுதான் வழக்கம். அதே காலத்தில் ஐரோப்பாவின் மற்ற பல ஆலயங்களில் கருவிகளும் சேர்ந்தே ஒலித்தன. 'கருவியே இல்லாத பாட்டு' என்ற இன்றைய அர்த்தம் 19-ஆம் நூற்றாண்டில்தான் இந்தச் சொல்லுக்கு உறுதியானது.

1903 நவம்பரில் பத்தாம் பத்திநாதர் திருச்சபை இசை பற்றி ஒரு ஆணை வெளியிட்டார். ஆலயத்துக்குள் பியானோ கூடாது, மேளம், தாளம் மாதிரி சத்தமான கருவிகள் கூடாது. ஆர்கனுக்கு இடம் உண்டு. அந்த ஆணையில இன்னொரு விஷயமும் இருக்கு: பாடகர் குழுவில் பெண்கள் சேரக் கூடாது. அப்போ பூசை மொழியும் லத்தீன். 1963 டிசம்பர் 4-ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஆவணத்தை வெளியிட்ட பிறகுதான் தாய்மொழிக்குக் கதவு திறந்தது.

இதெல்லாம் ஆலயத்துக்குள்ள. வெளியே எப்படி? ராயபுரத்துக்கு வாங்க.

அரத்தூன் சாலையில் புனித இராயப்பர் ஆலயம் இருக்கு. இராயப்பர்ங்கிறது பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வழங்கும் பெயர். ராயபுரம்ங்கிற பேரே அவர்கிட்டேர்ந்து வந்ததுன்னு சொல்வாங்க. பேதுரு மீனவர். அவருக்கு இங்க கோயில் எழுப்பியவங்களும் படகுக்காரங்கதான்.

அந்தக் காலத்து மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவருவது மசூலா படகு. பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு உடையாமல் வளைந்து கொடுக்கும். துறைமுகம் கட்ட ஆரம்பிச்ச பிறகும் கடல் சும்மா விடல. 1881 நவம்பர் புயல், கட்டி முடியும் நிலையில் இருந்த சுவர்களை உடைத்துப்போட்டது.

அந்தப் படகுக்காரர்கள் பாடிக்கொண்டே துடுப்பு போட்டதை மெட்ராஸ் வந்த வெள்ளைக்காரப் பயணிகள் எழுதி வச்சிருக்காங்க. தமிழ் மீனவர்களின் வேலைப் பாட்டுக்கு 'அம்பா'ன்னு பேரு. ஒருத்தர் எடுத்துக் கொடுப்பார், மத்தவங்க திருப்பிப் பாடுவாங்க. வலை இழுக்கிற கையும் துடுப்பு போடுற கையும் ஒரே நேரத்துல அசையணும்ல, அதுக்காக. கையில வேலை இருக்கும்போது கருவிக்கு ஏது இடம்?

இப்போ பாட்டுப் புத்தகத்துக்கு வருவோம். தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபைகள்ல ரெண்டு வகைப் பாட்டு உண்டு. ஒண்ணு ஞானப்பாட்டு: ஐரோப்பிய மெட்டுக்குத் தமிழ் வார்த்தை. 1742-ல மெட்ராஸ் வந்து வேப்பேரியில் ஊழியம் செய்த ஜெர்மானியர் பப்ரிசியுஸ் இதில் நிறைய மொழிபெயர்த்தார். இன்னொண்ணு கீர்த்தனை: பல்லவி, அனுபல்லவி, சரணம்னு நம்ம ராகத்தில் அமைந்தது. இதில் பெரிய பேரு தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-ல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர்.

1820-களில் புதுசா வந்த ஆங்கிலிக்கன் மிஷனரிகள் கொண்டுவந்த மாற்றங்களை சாஸ்திரியார் கடுமையா எதிர்த்தார். வழிபாட்டிலிருந்து தமிழ் இசையை நீக்குவது அதில் ஒன்று. இதைக் கேட்டதும் அவர் பக்கம் நிற்கத் தோணும். ஆனா அவர் எதிர்த்த பட்டியலில் இன்னொண்ணும் இருந்தது: நற்கருணைப் பந்தியில் சாதி வேறுபாடு பார்க்காமல் எல்லாரையும் ஒன்றாக்குவது. எங்க குழு வருஷா வருஷம் அவர் கீர்த்தனைகளைப் பாடுது. எங்கள்ல பாதிப் பேரை அவர் அந்தப் பந்தியில பக்கத்துல உட்கார விட்டிருக்க மாட்டார். இதை நான் மறக்காமத்தான் பாடுறேன்.

கீர்த்தனைக்கும் மேற்கத்திய அ கப்பெல்லாவுக்கும் அடிப்படையில ஒரு வித்தியாசம் இருக்கு. அங்கே சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ்னு குரல்கள் பிரிந்து வேறு வேறு ஸ்வரத்தில் நிற்கும். 1893-லேயே தொடங்கின மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் மாதிரி குழுக்கள் இந்த நாலு குரல் முறையை நம்ம நகரத்துல வளர்த்தாங்க. தெருவில் பாடும் கீர்த்தனையில் எல்லாருக்கும் ஒரே மெட்டு. ஒருத்தர் எடுப்பார், கூட்டம் வாங்கும், கைத்தட்டு தாளத்தைப் பிடிச்சுக்கும். அம்பாப் பாட்டிலிருந்துதான் இது வந்ததுன்னு நான் நிரூபிக்க வரல. ஆனா ரெண்டும் ஒரே கடற்கரையில, ஒரே வாய்களில் இருந்தது.

அதனாலதான் எங்க பக்கம் கேரல் ரவுண்ட்ஸுக்குக் கீபோர்டு இல்லாட்டியும் ஒண்ணும் நிக்காது. ஒரு டோலக், ஒரு டாம்பரின் போதும். அதுவும் இல்லேன்னா கை இருக்கு. ஒரே ஒரு பிரச்சினை, சுருதி இறங்கும். பிடிச்சு நிறுத்த ஒரு கருவி இல்லேன்னா பாடப் பாட குரல் கொஞ்சம் கொஞ்சமா கீழே போகும். பெரிய பெரிய குழுக்களுக்கே இது நடக்கும். ஆறாவது வீட்டுக்குப் போறதுக்குள்ள நாங்க ஒரு கட்டை இறங்கியிருப்போம்.

இப்போ 2023-க்கு வர்றேன். டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வெள்ளத்தோட கலந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துல பரவுச்சு. காட்டுக்குப்பம் பக்கம் படகு, வலை எல்லாம் கறுப்பு. மீனவர்களே படகில் போய் மக்கும் வாளியும் வச்சு எண்ணெயை அள்ளினாங்க. தொழில் நின்னுபோச்சு.

"இந்த வருஷம் அந்தப் பக்கம் கேரல் போகலாமா?"ன்னு எங்க குழுவுல கேள்வி. போனா வீட்டுக்காரங்க டீ போடுவாங்க, கேக் எடுத்து வைப்பாங்க, கவர்ல காசு வச்சுக் கொடுப்பாங்க. இல்லாத நேரத்துல அவங்களைச் சங்கடப்படுத்தணுமான்னு நான் கேட்டேன். நாங்க எல்லாரும் பெரியம்மான்னு கூப்பிடுற ஒருத்தங்க இருக்காங்க. அம்பது வருஷமா கேரல் போறவங்க. "காசு வாங்காதீங்க. ஸ்பீக்கரும் தாத்தா வேஷமும் வேணாம். ஆனா போகாம இருக்காதீங்கடா, அது இன்னும் மோசம்"னு சொன்னாங்க.

ஒம்பது பேர் போனோம். அஞ்சு பேர் பொம்பளைங்க. 1903 ஆணைப்படி ஆலயத்துல பாடகர் குழுவிலேயே சேர முடியாதவங்கதான் அன்னைக்கு எடுத்துக் கொடுத்தாங்க. ஒரு வீட்ல ஒரு அண்ணன் வாசல்லயே நின்னுட்டிருந்தார். நகக்கண்ணுல எண்ணெய்க் கறை இன்னும் போகல. "சரணம் வரைக்கும் பாடுங்க, பாதியில விட்டுட்டுப் போகாதீங்க"ன்னார். ரெண்டாவது சரணத்துல அவரே சேர்ந்துக்கிட்டார். எங்க சுருதிக்கு ரொம்பக் கீழ. நாங்கதான் இறங்கி அவர்கிட்ட போனோம்.

அதுக்கப்புறம் டிசம்பர் 26. நள்ளிரவு நெருங்கும்போது எண்ணூர்ல ஒரு உரத் தொழிற்சாலையோட கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிஞ்சுது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்க மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிட்டு ராத்திரியில ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. பல பேரை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. செய்தி பார்த்ததும் நாங்க ஃபோன் பண்ண ஆரம்பிச்சோம். எந்தெந்த வீட்டுக்குன்னு யோசிக்க வேண்டியிருக்கல. மூணு நாலு நாள் முன்னாடிதான் அந்த வாசல்கள்ல நின்னு பாடியிருந்தோம். யார் வீட்ல வயசானவங்க, யார் வீட்ல கைக்குழந்தைன்னு தெரியும். அந்த அண்ணன் குடும்பம் திருவொற்றியூர்ல சொந்தக்காரங்க வீட்ல பத்திரமா இருந்தாங்க.

அந்தப் பதினோரு மெமோ இதுதான். எங்க குழுவுல சவுண்ட் இன்ஜினியரிங் படிக்கிற தம்பி ஒருத்தன், "குடுங்கண்ணா, சுருதியைச் சரி பண்ணி, நாய் குரைக்கிறது, ட்ரெய்லர் லாரி ஹாரன் எல்லாத்தையும் எடுத்து ஆல்பமா போட்டுடலாம்"ங்கிறான். ஏழாவது ட்ராக்கைச் சரி பண்ணிக் காட்டவும் செஞ்சான். கேட்க நல்லாத்தான் இருந்தது. எங்க ஒம்பது பேர் குரலும் சுத்தமா நின்னுச்சு. அந்த அண்ணன் குரல் மட்டும் காணோம். மெட்டுக்கு வெளியே இருந்ததால மென்பொருள் அதை இரைச்சல்னு நினைச்சு எடுத்துடுச்சு.

பெரியம்மாகிட்ட ரெண்டையும் போட்டுக் காட்டினேன். பழசையே இன்னொரு தடவை போடச் சொன்னாங்க. தம்பி இன்னும் ஒத்துக்கல, அவன் பக்கமும் நியாயம் இருக்கு. முடிவாகுற வரைக்கும் அது என் ஃபோன்லயே இருக்கும்.

இந்த வருஷமும் எண்ணூருக்குப் போறோம். உங்க தெருவுக்கு யாராவது கருவி இல்லாம பாட வந்தா, கதவைத் திறந்துட்டு உள்ள போயிடாதீங்க. கடைசிச் சரணம் வரைக்கும் நில்லுங்க. தெரிஞ்சா சேர்ந்து பாடுங்க. சுருதியை அவங்க பார்த்துப்பாங்க.