கொல்கத்தா கோப்புக்குள் மதராஸ் நேரம்

விண்டோஸில் நேரம் அமைக்கப் போனால் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி' என்று நம்ம ஊர்தான் முதலில் நிற்கும். (ரொம்பப் பெருமைப்பட வேண்டாம், ஆங்கில அகரவரிசை அப்படி!) லினக்ஸிலோ 'ஆசியா/கொல்கத்தா' தான். சென்னையும் இல்லை, தலைநகர் தில்லியும் இல்லை.

ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிய நேர மண்டலத் தரவுத்தளத்தின் வேலை இது. அதற்குப் பெயர் முறை வகுத்தவர் பால் எக்கர்ட். நாட்டின் பெயர் அரசியலில் மாறும், அதனால் வேண்டாம். கண்டத்தின் பெயர், அடுத்து அந்த வட்டாரத்தில் மக்கள்தொகை மிகுந்த ஊர். சீனாவுக்கும் பெய்ஜிங் இல்லை, ஷாங்காய்தான். ஊர்ப் பெயர் மட்டும் மாறாதா என்ன? 2001இல் கல்கத்தா கொல்கத்தா ஆனது. தரவுத்தளத்தில் மாற 2008 ஆயிற்று. பழைய பெயரைக் கொடுத்தாலும் இன்றும் வேலை செய்யும், எங்கள் வங்கியில் பழைய கணக்கு எண்ணைப் புதியதோடு இணைத்து வைப்பதுபோல.

உள்ளே இருக்கும் வரிசையைப் பார்த்தால்தான் வேடிக்கை. கொல்கத்தா பெயருக்குக் கீழே 1870 முதல் 1906 வரை எழுதியிருப்பது மதராஸ் நேரம்! கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால். மதராஸ் வானாய்வகத்தின் கணக்கு அது, ரயில்கள் ஓடியதும் அதன்படிதான். 1906 ஜனவரி 1இல் ஐந்தரை மணி வந்தது. போர்க்காலத்தில் கடிகாரத்தை ஆறரைக்குத் தள்ளியதுகூடப் பதிவாகியிருக்கிறது.

ஆனால் கல்கத்தா நகரம் 1948 வரை விடாமல் வைத்திருந்த தன் சொந்த நேரம்? 1906க்குப் பிறகு அந்த வரிசையில் அது இல்லவே இல்லை.