படியும் வரிசையும்: திருத்தணியிலிருந்து இரண்டு பதில்கள்

எம்.ஏ. தமிழ் படித்த நாட்களில் ஒப்பிலக்கியத் தாளுக்கு நாங்கள் கற்றுக்கொண்ட முறை ரொம்ப எளிது. கம்பனை எடு, மில்டனுக்குப் பக்கத்தில் நிறுத்து, கம்பன் ஒரு பிடி உயரம் என்று முடி. மில்டன் ஏன் அளவுகோல் ஆனான் என்று யாரும் கேட்கவில்லை; நானும்தான். இரண்டு பிரதிகளுக்கு நடுவே நடப்பதாகத் தோன்றும் ஒப்பீட்டில் அளவுகோலைக் கையில் வைத்திருக்கும் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. அவரை அடையாளம் காணத் திருத்தணியின் வரலாறு உதவும்.

ஒப்பியல் தத்துவத்தின் பெரிய பெயரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்தது இந்த ஊரில். திருப்பதி, வேலூர், சென்னை என்று அவர் படித்தவை பெரும்பாலும் மிஷன் நிறுவனங்கள். உலகத்தை மாயை என்று சொல்லும் வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமேது என்பது அன்றைய மிஷனரிகளின் விமர்சனம். அது தன்னைப் புண்படுத்தியது, தேடவும் வைத்தது என்று பின்னாளில் அவரே எழுதினார். வேதாந்த அறவியல் பற்றிய அவருடைய எம்.ஏ. ஆய்வேடு (1908) இதற்கான பதில். கேள்வி மிஷனரியுடையது. பதில் எழுதப்பட்டதும் மிஷன் கல்லூரியில், ஆங்கிலத்தில், மேலைத் தத்துவத்தின் கலைச்சொற்களில்.

1926இல் ஆக்ஸ்போர்டில் இந்து வாழ்க்கை நோக்குப் பற்றி உரையாற்றினார். யாரையும் தள்ளவில்லை, எல்லோருக்கும் இடம் உண்டு என்றார். ஆனால் அந்த இடங்களைப் படிப்படியாக அடுக்கினார். பரம்பொருளை வழிபடுவோர் உச்சியில், அடுத்து சகுணக் கடவுளை வழிபடுவோர், பிறகு அவதாரங்களை, பிறகு முன்னோர், தேவதைகள், முனிவர்களை, கடைசியில் சிறு சக்திகளையும் ஆவிகளையும் வழிபடுவோர். அப்படியென்றால் அவர் ஊர்ப்பக்கத்துக் கெங்கையம்மனுக்கும் பொன்னியம்மனுக்கும் கூழ் ஊற்றுகிற சனங்கள் எந்தப் படியில்? கிழக்கும் மேற்கும் சமம் என்று நிறுவ, கிழக்குக்கு உள்ளேயே ஒரு கீழ்வரிசை தேவைப்பட்டிருக்கிறது. பத்து வருஷம் கழித்து, 1936இல், அதே ஆக்ஸ்போர்டில் அவருக்குப் பேராசிரியர் நாற்காலி கிடைத்தது.

இன்னொரு பதில் மலைமேல் நடந்தது. ஆங்கில வருஷப் பிறப்பன்று வெள்ளைக்காரத் துரைமாரைப் பார்த்து, எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிட்டு வருவது அன்றைய உத்தியோகஸ்தர் வழக்கம். துரைக்கெல்லாம் துரையான தணிகை முருகனை முதலில் கும்பிடுங்கள் என்று சொல்லி, வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917-18இல் திருப்புகழ்ப் படித்திருவிழாவைத் தொடங்கினார் என்பது மரபு. டிசம்பர் 31 அன்று படிக்கு ஒரு பாட்டு. மொத்தம் 365 படி. துரையின் பங்களா வாசலில் குனிந்த உடம்பு மலைப்பக்கம் திரும்பியது. இதற்கு ஆய்வேடு வேண்டியிருக்கவில்லை, ஆங்கிலமும் வேண்டியிருக்கவில்லை. தமிழ்ப் பாட்டு போதுமாக இருந்தது.

ஆனால் தேதி? அது துரையின் காலண்டரிலிருந்து வந்தது. அதிகாரம் உள்ள இடத்தில் எதிர்ப்பும் உண்டு, அந்த எதிர்ப்பு அதிகாரத்துக்கு வெளியே நிற்பதில்லை என்று ஃபூக்கோ 1976இல் எழுதியதை விளங்கிக்கொள்ள நமக்குப் பாரீஸ் உதாரணம் தேவையில்லை. கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும். சென்னை மாகாணக் கோயில்களைத் தாழ்த்தப்பட்டோருக்குப் பொதுவாகத் திறந்துவிட்ட சட்டம் வந்தது 1947இல்தான். அதற்கு முப்பது வருஷம் முன்னால் துரையைவிட முருகன் பெரியவன் என்று பாடிக்கொண்டு ஏறும் உரிமை யாருக்கு இருந்தது? அடிவாரத்தோடு நிற்க வேண்டியிருந்தவர்கள் யார்?

இரண்டு பதில்களையும் கேலி செய்வது என் நோக்கமல்ல. அவமானத்துக்குப் பதில் சொன்னவர்கள் அவர்கள். நாம் அதுகூடச் செய்யாமல் கோட்பாடு பேசலாம். ஆனால் மேலே நோக்கிச் சமத்துவம் கேட்ட இரண்டு குரல்களும் கீழே இருந்த படிகளை அப்படியே விட்டன.

க. கைலாசபதி சங்கப் பாடல்களை ஹோமரோடு ஒப்பிட்டபோது (1968) எது உயர்ந்தது என்று கேட்கவில்லை. எந்தச் சமூக நிலைமையில் இத்தகைய பாடல் பிறக்கிறது என்று கேட்டார். அங்கே வரிசை கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. இன்று ஃபூக்கோவுக்குச் சமமாகச் சித்தரையும், தெரிதாவுக்குச் சமமாக நாகார்ஜுனரையும் நிறுத்திக்கொண்டிருக்கும் நாமும் யாருடைய அளவுகோலால் அளக்கிறோம், அளந்து முடித்ததும் கடைசிப் படியில் யாரை நிறுத்துகிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.