கருவூர்: துறைமுகங்கள் மறைந்தபின்னும் நின்ற வணிக நகரம்

மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு, பரமத்தி வேலூர் வழியாகக் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் வேலாயுதம்பாளையம். அங்கே ஆறுநாட்டார் மலைக் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் சேர மன்னர் மூன்று தலைமுறையைச் சொல்லும் புகழூர்க் கல்வெட்டை ஆய்வாளர் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அதே மலையில் சமணத் துறவியருக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்தவர்களுள் ஒருவன் கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி. அவனைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. கருவூர் என்ற இன்றைய கரூரின் வரலாற்றை அரசனிடமிருந்து தொடங்குவதைவிட இந்த வணிகனிடமிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து.

பொன் வாணிகன் பிழைக்க வேண்டுமென்றால் பொன் புழங்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது? மேற்குக் கடற்கரை முசிறியில் இறங்கிய ரோமானிய நாணயம் பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்குக்குள் நுழைந்தது. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ரோமானிய வெள்ளிக் காசுக் குவியல் கிடைத்தது. படியூர் பச்சைக்கல், கொடுமணலின் மணிகளும் இரும்பும் இதே வழியில் கிடைத்தவை. வழியின் கிழக்கு முனையில், அமராவதி காவிரியோடு கலக்கும் இடத்துக்கு அருகே கருவூர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி இவ்வூரைக் ‘கரூரா’ என்று உள்நாட்டுத் தலைநகராகக் குறித்தார்.

அமராவதி மணலில் கிடைத்த காசுகள் இந்த வணிகத்துக்குச் சாட்சி. தேய்ந்த சிறு ரோமானியச் செப்புக் காசுகளும் சேரர் காசுகளும் அதே ஆற்றில் கிடைத்திருக்கின்றன. மாக்கோதை பெயர் பொறித்த வெள்ளிக் காசைப் பாருங்கள். மன்னனின் தலை பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. தலைக்கு மேலே தமிழ்ப் பிராமியில் பெயர். அமைப்பு ரோமப் பேரரசன் காசினுடையது, எழுத்து நம்முடையது. கொல்லிப்புறை என்ற பெயருள்ள காசோ நம் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை நினைவூட்டுகிறது. சேரர் தலைநகர் வஞ்சி கேரளத்தில் இருந்ததா, கரூர்தானா என்ற நெடுநாள் வழக்கில் தமிழறிஞர் ரா. இராகவையங்கார் கரூர்ப் பக்கம் நின்றார். புகழூர்க் கல்வெட்டும் இந்தக் காசுகளும் அவர் பக்கத்துக்கே வலுச் சேர்த்தன.

மத்தியதரைக் கடல் வணிகம் பின்னர் தளர்ந்தது. முசிறியைப் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் தோண்டித் தேடுகிறார்கள்; சோழர் துறைமுகமான புகாரின் பெருமையும் போயிற்று. கரூர் மட்டும் நின்றது. காரணம், அதன் பிழைப்பு கப்பலை மட்டும் நம்பியதில்லை. கொங்குக்கும் சோழநாட்டுக்கும் இடையில், ஆறும் பெருவழியும் கூடும் இடத்தில் அது அமர்ந்திருந்தது. கடைக்கு வருபவர் மாறினார்கள். கடைவீதி இருந்த இடத்திலேயே இருந்தது.

சோழர் காலத்தில் ஊருக்கு முடிவழங்கு சோழபுரம் என்ற பெயரும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் கோட்டை மைசூருக்கும் கும்பினிக்கும் இடையே பலமுறை கைமாறியது. வணிக வரலாற்றுக்கு அந்தப் போர்க்கதைகள் அதிகம் உதவுவதில்லை. 1874இல் நகராட்சி. 1916இல் கரூர் வைசியா வங்கி, 1926இல் லட்சுமி விலாஸ் வங்கி. அவ்வளவு பெரியதல்லாத ஓர் ஊரில் பத்தே ஆண்டு இடைவெளியில் இரண்டு வங்கிகள்! அவற்றைத் தொடங்கியவர்களை நத்தியின் வாரிசுகள் என்று சொல்ல ஆதாரமில்லை, ஆனால் தொழில் ஒன்றுதான். இன்று படுக்கை விரிப்பும் மேசைத் துணியும் கரூரிலிருந்து மறுபடியும் ஐரோப்பாவுக்கே போகின்றன.

கரூர்க் காசு ஆய்வில் ஒரு பெருங்குறை இருக்கிறது. ஆற்று மணலில் பொறுக்கிய காசுக்கு மண்ணடுக்கு கிடையாது. எப்போது வந்து சேர்ந்தது என்று அறுதியிட முடியாது. ஆகவே கிணறு வெட்டும்போதோ காடு உழும்போதோ பழங்காசு கிடைத்தால் நகைக்கடையில் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். எந்த இடம், எத்தனை அடி ஆழம் என்று குறித்துக்கொண்டு தாசில்தாரிடம் சொல்லுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.