உரிமையும் கடப்பாடும்: இலங்கையிலும் கனடாவிலும் இருமொழி நிருவாகம், 1956–2011

ஓர் அரசு இரண்டு மொழிகளை ஏற்பதாகச் சட்டத்தில் எழுதிவிடுவதனால் மட்டும் அதன் அலுவலகங்கள் இரு மொழிகளில் இயங்கத் தொடங்குவதில்லை. குடிமகன் எந்த மொழியில் விண்ணப்பிக்கலாம், எந்த மொழியில் அவனுக்குப் பதில் வரும், அம்மொழி அறிந்த அலுவலர் இல்லாதபோது இழப்பைத் தாங்குபவர் யார் என்ற வினாக்களுக்கும் விடை வேண்டும். இலங்கையும் கனடாவும் இவ்விடைகளை எவ்வாறு அமைத்துக்கொண்டன என்பதை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. இரு நாடுகளின் மொழிச் சட்ட வரலாற்றிலும் 1969, 1988 ஆகிய ஆண்டுகள் முக்கியமானவையாக அமைந்தமை இவ்வொப்பீட்டுக்கு வாய்ப்பளிக்கிறது.

இலங்கையின் 1956ஆம் ஆண்டு 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது. தமிழுக்கு ஓரளவு இடமளிக்கும் நோக்குடன் 1958இல் தமிழ்மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்மூலம் கல்வி கற்றோர் அலுவலர்களுடன் தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளலாம். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் குறித்த நிருவாகத் தேவைகளுக்குத் தமிழைப் பயன்படுத்தலாம் என்று அது கூறியது. இங்குக் கவனிக்க வேண்டியது ‘லாம்’ என்னும் வினைமுடிபாகும். அந்த அனுமதியும் பின்னர் ஆக்கப்படவிருந்த ஒழுங்குவிதிகளைச் சார்ந்தே நின்றது. அவ்வொழுங்குவிதிகள் 1966 சனவரியிலேயே பாராளுமன்றத்தில் நிறைவேறின. சட்டத்துக்கும் விதிகளுக்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் எந்த அலுவலகத்துக்கும் வரையறுத்த கடமை எதுவும் விதிக்கப்படவில்லை.

அதே காலத்தில் அலுவலர்மீது மட்டும் கடமை தெளிவாக விதிக்கப்பட்டது. 1961 டிசம்பரில் வெளியான திறைசேரிச் சுற்றறிக்கை, சிங்களத் தேர்ச்சியைச் சம்பள உயர்ச்சிக்கு நிபந்தனையாக்கியது. அந்நிபந்தனையை நிறைவு செய்யாமையால் 1962இல் தமது உயர்ச்சியை இழந்த அரசாங்க எழுதுவினைஞர் செ. கோடீஸ்வரன் வழக்குத் தொடர்ந்தார். சிறுபான்மையோருக்குப் பாதகமான சட்டங்களைத் தடைசெய்த அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் முரணானது என்பது அவரது வாதம். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றமோ, அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடர இயலாது எனக் கூறி 1967இல் அத்தீர்ப்பை மாற்றியது. மொழிச் சட்டம் செல்லுபடியாகுமா என்ற வினாவைத் தீர்மானிக்கவில்லை. 1969 டிசம்பரில் இலண்டன் கோமறைக் கழகம், ஊழியருக்கு வழக்குத் தொடரும் உரிமை உண்டு என்று தீர்த்து, எஞ்சிய வினாவை இலங்கைக்கே திருப்பி அனுப்பியது. அவ்வினாவுக்கு இறுதிவரை விடை கிடைக்கவில்லை. 1971இல் கோமறைக் கழக மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பில் அந்த 29ஆம் பிரிவின் காப்பு இடம்பெறவில்லை.

கோமறைக் கழகத் தீர்ப்புக்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1969 செப்டெம்பரில், கனடாவின் அலுவல் மொழிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்கும் பழைய ஏற்பாடு குறுகியதே. 1867ஆம் ஆண்டு யாப்பு, பாராளுமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் ஆங்கிலமும் பிரெஞ்சும் பயன்படுவதை மட்டுமே பேசியது. 1963இல் நியமிக்கப்பட்ட இருமொழி, இருபண்பாட்டு அரச ஆணைக்குழுவின் ஆய்வையொட்டிப் பிறந்த புதிய சட்டம், கூட்டாட்சி அரசின் நிறுவனங்கள்மீதே சேவைக் கடமையைச் சுமத்தியது; முறைப்பாடுகளை விசாரிக்கப் பாராளுமன்றத்துக்குப் பொறுப்பான ஆணையாளர் ஒருவரையும் ஏற்படுத்தியது. 1977 முதல் இருமொழித் தகுதி வேண்டிய பதவிகளில் தேர்ச்சி பெற்றோருக்கு ஆண்டுக்கு 800 டொலர் மேலதிகக் கொடுப்பனவு வழங்கப்பட்டது. கொழும்பில் ஓர் ஊழியரின் சம்பள உயர்ச்சியைத் தடுத்த மொழித் தேர்ச்சிக்கு ஒட்டாவாவில் அரசே விலை கொடுத்தது.

1988இல் இரு நாடுகளும் தத்தம் ஏற்பாடுகளைத் திருத்தின. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியிருந்தது. 1988 டிசம்பரில் வந்த 16ஆம் திருத்தம் சிங்களத்தையும் தமிழையும் நாடு முழுவதற்கும் நிருவாக மொழிகளாக்கியது. சிங்களத்தில் பதிவேடுகள் பேணப்படும் பகுதியிலும் ஒருவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொண்டு பதில் பெறவும், ஆவணத்தை அல்லது அதன் மொழிபெயர்ப்பைப் பெறவும் உரித்துடையவரானார். மொழியுரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது. 1958உடன் ஒப்பிடுகையில் இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் உரித்தைக் கோரவேண்டியவர் குடிமகனே. எழுத்துப் பிழையுள்ள பிறப்புச் சான்றிதழோடு அலுவலகத்தில் நிற்பவர், தமது மொழியுரிமையை அறிந்து, அதை வலியுறுத்தும் துணிவும் பெற்றிருக்க வேண்டும்.

கனடாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இடத்திலேயே வேறுபடுகிறது. இருமொழிச் சேவைக்குக் கடமைப்பட்ட அலுவலகம், அச்சேவை உண்டென்பதை அறிவிப்புப் பலகையாலும், தானே முதலில் பேச்சைத் தொடங்குவதாலும் தெரியப்படுத்த வேண்டும் என அதன் 28ஆம் பிரிவு விதித்தது. இருமொழிகளிலும் வணக்கம் கூறி வரவேற்கும் வழக்கம் இவ்விதியின் செயல்வடிவமே. நிருவாக வசதியின்மையை மொழியுரிமை மறுப்புக்குக் காரணமாகக் காட்ட முடியாது என்பதை 1999இல் போலாக் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இவ்வொப்பீட்டுக்கு எல்லைகள் உண்டு. கனடியச் சேவைக் கடமை எல்லா அலுவலகங்களுக்கும் பொருந்துவதன்று. கணிசமான தேவை உள்ள இடங்களையே பெரும்பாலும் சார்ந்தது. தொல்குடி மக்களின் மொழிகளுக்குக் கூட்டாட்சிச் சட்டம் 2019 வரை காத்திருந்தது. அங்கு வாழும் தமிழருக்கு அச்சட்டங்கள் தமிழில் சேவை பெறும் உரிமை எதனையும் தரவில்லை. ஆதலால் கனடாவை முன்மாதிரியாகப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கடப்பாட்டின் சுமை எவர்மீது வைக்கப்படுகிறது என்பதைக் காண்பதற்கே அது இங்குத் துணையாகிறது.

இலங்கை அரசும் காலப்போக்கில் இதனை உணர்ந்தது. 2007 ஜூலை முதல் சேர்க்கப்படும் அரச ஊழியர் ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் எனப் பொது நிருவாகச் சுற்றறிக்கை பணித்தது. 1961இன் சுற்றறிக்கை ஒரு மொழியினர்மீது மட்டும் ஏற்றிய சுமையை இது இரு மொழியினருக்கும் பொதுவாக்கியது. ஆயினும் 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, பொலிஸ் நிலையங்களில் நாள் முழுவதும் இருமொழி அலுவலர் இருக்க வேண்டும் என்றும், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியில் வாக்குமூலம் பதியப்பட வேண்டும் என்றும் பரிந்துரைக்க நேர்ந்தது. தமிழ் நாடு முழுவதற்கும் நிருவாக மொழியாகி அப்போது 23 ஆண்டுகள் கடந்திருந்தன. தமக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிடுபவருக்கு அந்த இடைவெளியின் விலை அவரது சுதந்திரமாகவே இருக்கக்கூடும். இனி வரும் மொழிச் சட்ட ஆய்வுகள் யாப்பு வாசகங்களோடு நின்றுவிடாமல், சுற்றறிக்கைகளையும் பதவி ஒதுக்கீடுகளையும் அலுவலகப் படிவங்களையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ள வேண்டும்.