வார்சாவில் பிறந்த நகல்

எனிக்மா என்ற சங்கேத இயந்திரத்தின் சிமுலேட்டரைக் கைப்பேசியில் இறக்கி விளையாடுகிறவர்கள், அது கணினிக் காலத்துப் பொழுதுபோக்கு என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அந்த நகலுக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. பிறந்த ஊர் வார்சா.

அசலைச் செய்தவர் ஆர்தர் ஷெர்பியஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளர். 1918-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1923-ல் வணிக நிறுவனங்களுக்கு விற்க முன்வந்தார். பெரிதாக விற்கவில்லை. 1926-ல் ஜெர்மன் கடற்படையும் 1928-ல் தரைப்படையும் எடுத்துக்கொண்டன. ஒரு விசையை அழுத்தினால் மின்சாரம் மூன்று சக்கரங்களின் கம்பிகள் வழியே ஓடி, கடைசியில் உள்ள பிரதிபலிப்பானில் பட்டு, வேறு பாதையில் திரும்பி வந்து ஒரு விளக்கை எரிய வைக்கும். ஒவ்வோர் அழுத்தலுக்கும் சக்கரம் நகர்வதால் அடுத்த முறை அதே எழுத்து வேறு எழுத்தாக மாறும். 1930-ல் தரைப்படை முன்பக்கத்தில் ஒரு செருகுபலகையையும் சேர்த்தது.

1932-ன் இறுதியில் போலந்து ரகசியக் குறியீட்டு அலுவலகத்தில் மரியன் ரெயெவ்ஸ்கி என்ற 27 வயதுக் கணித அறிஞர் இதைக் கையில் எடுத்தார். அவரிடம் இருந்தவை: ஒட்டுக்கேட்ட செய்திகள், பிரெஞ்சு உளவுத்துறை விலைக்கு வாங்கித் தந்த சில மாதங்களின் திறவுகோல் (இயந்திரத்தின் அன்றாட அமைப்பு) பட்டியல், வணிக எனிக்மா ஒன்று. ராணுவ எனிக்மாவின் சக்கரங்களுக்குள் கம்பிகள் எப்படி ஓடுகின்றன என்பதைச் சமன்பாடுகள் எழுதியே தேடினார். விடை வரவில்லை. விசைகளிலிருந்து முதல் சக்கரத்துக்குப் போகும் கம்பிகள், வணிக இயந்திரத்தில் இருந்தது போலவே விசைப்பலகை வரிசையில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டதுதான் தடை. அகரவரிசையாகவே இருந்தால்? மாற்றிப் போட்டார், கணக்கு பிடிபட்டது. இரண்டாம் உலகப் போரின் கதையில் இதைவிட அழகான ஊகம் எனக்குத் தெரியாது.

அந்தக் கணக்கை வைத்து வார்சாவின் ஆவா தொழிற்சாலை எனிக்மாக்களைச் செய்தது. எனிக்மாவின் முதல் சிமுலேட்டர்கள் என்று நான் சொல்வது இவற்றைத்தான். 1939 ஜூலையில், போர் வெடிக்க ஐந்து வாரம் இருக்கையில், வார்சாவை அடுத்த பைரி காட்டில் பிரிட்டிஷ், பிரெஞ்சு அதிகாரிகளைச் சந்தித்துப் போலந்துக்காரர்கள் எல்லாவற்றையும் சொன்னார்கள். நாட்டுக்கு ஒரு நகலும் கொடுத்தார்கள்.

பிரிட்டனில் நகல்கள் பெருகின. சங்கேதங்களை உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில் அன்றைய திறவுகோல் கிடைத்ததும், எனிக்மா போல நடக்குமாறு மாற்றப்பட்ட டைப்பெக்ஸ் என்ற பிரிட்டிஷ் சங்கேத இயந்திரங்களில்தான் செய்திகளைத் தட்டிப் படித்தார்கள். அந்தத் திறவுகோலைத் தேடிய, கணித அறிஞர் ஆலன் டூரிங்கின் பாம்ப் இயந்திரமும் பல எனிக்மா நகல்களை ஒன்றாகப் பூட்டியதே. வழக்கமான ஒரு பாம்ப் இயந்திரத்தில் 36 எனிக்மாக்களுக்கு ஈடான சக்கரங்கள் இருந்தன. முதல் நகலுக்குக் காரணமான ரெயெவ்ஸ்கி 1943-ல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அவரைப் பிளெட்ச்லிக்குள் சேர்க்கவில்லை. கையால் எழுதும் சிறு சங்கேதங்களை உடைக்கும் வேலை தந்தார்கள். நன்றிகெட்ட செயல் அது.

பிளெட்ச்லியில் நடந்தது 1974 வரை பெரும்பாலும் ரகசியம். வெளிவந்த பிறகு நகல் காகிதச் சுருள்களாகவும் நிரலாகவும் ஆர்வலர்களின் வீடுகளுக்குள் வந்தது. 1942-ல் அனுப்பப்பட்டு உடைக்கப்படாமலே கிடந்த கடற்படைச் செய்தி ஒன்று, 2006-ல் தன்னார்வலர்களின் கணினிகள் சேர்ந்து உழைத்ததில் திறந்தது. யு-264 நீர்மூழ்கி, தாக்குதலில் நீருக்குள் மூழ்க நேர்ந்ததைத் தெரிவித்த செய்தி. அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அதை முதலில் படித்தவர்கள் பொழுதுபோக்குக்காக இதில் இறங்கியவர்கள்!

நல்ல சிமுலேட்டர் எது என்பதற்கு என் அளவுகோல் ஒன்றுதான்: அசலின் குறைகள் அதில் இருக்கின்றனவா? பிரதிபலிப்பான் காரணமாக எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறி வராது. உடைத்தவர்கள் பிடித்துக்கொண்டது அந்தக் குறையைத்தான். இன்னொன்று நுட்பமானது. நடுச்சக்கரம் தன் விளிம்பில் உள்ள வெட்டுக்கு வந்ததும், இடதுசக்கரத்தை நகர்த்தும் தள்ளுகோல் நடுச்சக்கரத்தையும் சேர்த்துத் தள்ளிவிடும். அதனால் 17,576 நிலைகளில் 16,900 மட்டுமே ஒரு சுற்றில் வரும். இதை விட்டுவிட்டு எழுதிய நிரலில் சிறு செய்திகள் சரியாக வரும். நீண்ட செய்தி பாதியில் குழம்பிவிடும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். இடமிருந்து வலமாக 1, 2, 3 சக்கரங்கள், பி (B) பிரதிபலிப்பான், சக்கர வளையங்கள் எல்லாம் ஏ, செருகுபலகை காலி. ஏ-ஏ-ஏ நிலையில் தொடங்கி ஏ-யை ஐந்து முறை அழுத்தினால் பி, டி, இஸட், ஜி, ஓ (BDZGO) என்று வர வேண்டும். பிறகு சக்கரங்களை ஏ-டி-யூ (ADU) நிலையில் வைத்து ஏதாவது ஒரு விசையை மூன்று முறை அழுத்துங்கள். ஏ-டி-வி, ஏ-இ-டபிள்யூ, பி-எஃப்-எக்ஸ் (ADV, AEW, BFX) என்று நகர்ந்தால் உங்கள் கையில் இருப்பது சரியான நகல்.